குவாஜூலு, இன்காதா, புத்தெலேசி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியின் கதையை நாம் பெரும்பாலும் மண்டேலா, ராபன் தீவு, 1994 தேர்தல் என்ற வரிசையில்தான் படித்திருக்கிறோம். அந்த வரிசைக்குள் அடங்காத ஆள் மங்கோசுத்து புத்தெலேசி, ஜூலு மக்களுக்கென ஒதுக்கப்பட்ட குவாஜூலு பாண்டுஸ்தானின் முதலமைச்சர், இன்காதா இயக்கத்தின் தலைவர். வெள்ளை அரசு போட்டுக்கொடுத்த நாற்காலியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்துகொண்டே அந்த அரசின் மிகப் பெரிய திட்டத்தை நடக்கவிடாமல் செய்தவர் அவர். அவருடைய இயக்கத்து இளைஞர்கள் அதே அரசின் ராணுவத்திடம் ரகசியமாகப் பயிற்சி பெற்றதும் நடந்தது. இந்த இரண்டும் எப்படி ஒரே இடத்தில் கூடின என்று பலரும் கேட்கிறார்கள்.

பாண்டுஸ்தான் என்பது என்ன?

கறுப்பர்களை அவரவர் மொழிக்குழுவுக்கென ஒதுக்கிய நிலத்தில் அடைத்து, "இதுதான் உன் நாடு, தென்னாப்பிரிக்கா உன் நாடு இல்லை" என்று சொல்லும் ஏற்பாடு. அடித்தளம் 1913ஆம் ஆண்டின் நிலச் சட்டம். கறுப்பர்கள் நிலம் வைத்துக்கொள்ளக்கூடிய பகுதியை அது நாட்டின் பரப்பில் ஏறத்தாழ 7 சதவீதத்துக்குள் சுருக்கியது. 1936இல் வந்த சட்டம் அதைச் சுமார் 13 சதவீதமாக்க வழி செய்தது. மக்கள்தொகையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இருந்தவர்களுக்கு அவ்வளவுதான் நிலம்.

1948இல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தபின் இந்த ஒதுக்கிடங்களுக்கு அரசியல் சட்டை மாட்டப்பட்டது. 1951இல் பாண்டு அதிகார அமைப்புகள் சட்டம், 1959இல் பாண்டு சுயாட்சிச் சட்டம், 1970இல் தாயகக் குடியுரிமைச் சட்டம் என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கடைசிச் சட்டம்தான் கொடுமையானது. ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய சோவெட்டோவில் பிறந்து வளர்ந்து, குவாஜூலு இருந்த நேட்டால் மாகாணத்துப் பக்கமே வந்திராத ஜூலு ஒருவரும் காகிதத்தில் குவாஜூலுவின் குடிமகன் ஆனார்.

எத்தனை பாண்டுஸ்தான்கள் இருந்தன?

பத்து. டிரான்ஸ்கை (1976), போஃபுதட்ஸ்வானா (1977), வெண்டா (1979), சிஸ்கை (1981) ஆகிய நான்கும் "சுதந்திரம்" வாங்கிக்கொண்டன. பிரிட்டோரியாவை, அதாவது அங்கிருந்த வெள்ளை அரசைத் தவிர உலகில் எந்த நாடும் அவற்றை நாடாக ஏற்கவில்லை. மீதி ஆறு சுயாட்சிப் பகுதிகளாக நின்றன. அவற்றில் பெரியது குவாஜூலு.

ஜூலு மன்னர் ஷாகாவின் ராஜ்ஜியம் எப்படித் துண்டு நிலங்களானது?

1879 ஜனவரி 22 அன்று இசண்ட்ல்வானாவில் பிரிட்டிஷ் படையை ஜூலுக்கள் நொறுக்கினார்கள். ஆறு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 4இல் தலைநகர் உலுண்டி எரிந்தது, ஆகஸ்டில் மன்னர் செட்ஷ்வாயோ பிடிபட்டார். வென்றவர்கள் ராஜ்ஜியத்தை 13 குறுநிலத் தலைமைகளாகப் பங்கிட்டார்கள். அதிலிருந்து கிளம்பிய உள்நாட்டுப் போர் அரச குடும்பத்தின் முதுகெலும்பை முறித்தது. 1887இல் பிரிட்டன் அதை இணைத்துக்கொண்டது, 1897இல் நேட்டால் காலனியோடு சேர்த்தது. செட்ஷ்வாயோவின் மகன் டினுஜூலு செயின்ட் ஹெலினா தீவுக்கு நாடுகடத்தப்பட்டார். தலைவரிக்கு எதிராக 1906இல் எழுந்த பம்பாதா கிளர்ச்சியைக் காரணம் காட்டி அவரை மறுபடியும் சிறையில் தள்ளினார்கள்.

நல்ல நிலம் கரும்புத் தோட்டங்களுக்கும் வெள்ளைப் பண்ணைகளுக்கும் போய்விட, மிஞ்சியவைதான் பிற்காலக் குவாஜூலு. வரைபடத்தில் அது தொடர்ச்சியான நிலமே கிடையாது. பெரிய துண்டுகள் மட்டுமே 40க்கு மேல், சிறு துண்டுகள் நூற்றுக்கு மேல். நடுநடுவே வெள்ளையர் நிலம். இதை ஒரு தேசம் என்று அதிகாரிகள் சிரிக்காமல் சொன்னார்கள் என்பதே ஆச்சரியம்.

இன்காதாவை 1975இல் புத்தெலேசிதான் தொடங்கினாரா?

1975 மார்ச்சில் தொடங்கியது இரண்டாவது இன்காதா. முதல் இன்காதா 1920களில் மன்னர் சாலமன் காலத்தில், அரச குடும்பத்துக்கு அங்கீகாரமும் நிதியும் தேடி எழுந்தது. மண்டேலாவின் இயக்கமான ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் (ஏ.என்.சி.) முதல் தலைவர் ஜான் டூபேக்கும் அதில் பங்கு உண்டு. சில ஆண்டுகளில் பணத் தகராறில் அது தேய்ந்து போனது.

டூபேயைப் பற்றி ஒரு வார்த்தை. 1903இல் அவர் தொடங்கிய இலாங்கா பத்திரிகை, 1987இல் இன்காதாவின் நிறுவனத்தால் வாங்கப்பட்டது. ஒரே பத்திரிகைக்கு இரண்டு இயக்கங்களும் உரிமை கொண்டாடும் நிலை. நேட்டால் அரசியலில் இந்த மாதிரி பங்காளிச் சொத்துத் தகராறு நிறைய உண்டு. இன்காதாவின் கொடி நிறங்களே கறுப்பு, பச்சை, பொன், அதாவது ஏ.என்.சி.யின் நிறங்கள்.

புத்தெலேசி யார்? அவருக்கு அந்தப் பதவி பரம்பரையாக வந்ததா?

1928இல் மஹ்லபதினியில் பிறந்தார். தாய் இளவரசி மகோகோ, டினுஜூலுவின் மகள். தந்தை வழியில் கொள்ளுத்தாத்தா ம்ன்யமானா, செட்ஷ்வாயோவின் தலைமை அமைச்சர். இதை வைத்துத் தன்னை ஜூலு மன்னரின் "மரபுவழிப் பிரதமர்" என்றே அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டார். அது பரம்பரைப் பதவியே இல்லை என்று வாதிடும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. என் பார்வையில் அவர்கள் பக்கம் நியாயம் கூடுதல்.

ஃபோர்ட் ஹேர் கல்லூரியில் படிக்கும்போது ஏ.என்.சி. இளைஞர் அணியில் இருந்தார், 1950இல் போராட்டம் காரணமாக வெளியேற்றப்பட்டார். பிறகு புத்தெலேசி குலத்தின் தலைவரானார். அரசு அவரை முறைப்படி ஏற்றது 1957இல்.

பாண்டுஸ்தான் பதவியை ஏன் ஏற்றார்? ஏ.என்.சி.க்கு அது தெரியுமா?

நன்றாகத் தெரியும். 1960இல் ஏ.என்.சி. தடை செய்யப்பட்டபின் உள்நாட்டில் சட்டப்படி வாய் திறக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. நாடுகடந்து வாழ்ந்த ஏ.என்.சி. தலைவர் ஆலிவர் டாம்போவின் ஆசி தனக்கு இருந்தது என்று புத்தெலேசி எப்போதும் சொன்னார். இன்காதா தொடங்கப்பட்டதை ஊக்குவித்ததை டாம்போவும் 1985இல் ஒப்புக்கொண்டார். "உள்ளே இருந்தபடியே உடைக்கலாம்" என்பதுதான் கணக்கு.

வேறு மாதிரி நடந்துகொண்ட தலைவரும் அதே மண்ணில் இருந்தார். ஆல்பர்ட் லுதூலி, குரூட்வில் பகுதியின் தலைவர். 1952இல் "தலைவர் பதவியா, ஏ.என்.சி.யா, ஒன்றைத் தேர்ந்தெடு" என்று அரசு கேட்டது. அவர் ஏ.என்.சி.யை விட மறுத்தார், பதவி பறிபோனது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே இயக்கம் அவரைத் தலைவராக்கியது. 1960ஆம் ஆண்டுக்கான நோபல் அமைதிப் பரிசு அவருக்குத்தான். ஜூலு அரசியல் என்றால் இன்காதா என்று எழுதுபவர்கள் லுதூலியும் ஜூலுதான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

குவாஜூலு "சுதந்திரம்" வேண்டாம் என்றது அவ்வளவு பெரிய விஷயமா?

ஆம், இன்று குறைத்து மதிப்பிடப்படும் விஷயமும் அதுதான்.

பிரிட்டோரியாவின் கணக்கு எளியது. பத்துப் பாண்டுஸ்தான்களும் சுதந்திரம் வாங்கிவிட்டால் தென்னாப்பிரிக்காவில் சட்டப்படி ஒரு கறுப்புக் குடிமகனும் இருக்கமாட்டார். 1978இல் அமைச்சர் கோனி முல்டர் நாடாளுமன்றத்திலேயே இதை வெளிப்படையாகச் சொன்னார். வெளிநாட்டுக்காரனுக்கு வாக்குரிமை கேட்க என்ன உரிமை? அப்படி முடித்துவிடலாம் என்று நினைத்தார்கள்.

ஜூலுக்கள்தான் நாட்டின் மிகப் பெரிய மொழிக்குழு. அவர்கள் கையெழுத்துப் போடாவிட்டால் கணக்கு தேறாது. புத்தெலேசி போடவில்லை. 1972இல் சட்டமன்றம், 1977இல் சுயாட்சி, அதற்குமேல் ஓரடிகூட நகரவில்லை. ஆசையும் காட்டினார்கள், அழுத்தமும் கொடுத்தார்கள். 1973இல் உம்கொண்டோ காஷாகா என்றொரு போட்டிக் கட்சி முளைத்தபோது அதன் பின்னால் பிரிட்டோரியாவின் கை இருந்தது. 1982இல் இங்வவூமா பகுதியைத் தூக்கி ஸ்வாசிலாந்துக்குக் கொடுக்கப் பார்த்தார்கள். குவாஜூலு அரசு நீதிமன்றம் போய்த் தடுத்தது, கடைசியில் பிரிட்டோரியா பின்வாங்கியது. மண்டேலாவை விடுவிக்காமல் அரசோடு பேச்சுவார்த்தைக்கு வரமாட்டேன் என்றும் புத்தெலேசி உறுதியாக நின்றார். "சுதந்திரம்" வாங்கிக்கொண்ட டிரான்ஸ்கையின் தலைவர் மட்டன்சிமாவையும் இவரையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை.

அப்படியென்றால் மன்னருக்கு என்ன வேலை?

குட்வில் ஸ்வெலிதினி 1971 டிசம்பரில் முடிசூடினார். அவரை ஆட்சி அதிகாரமுள்ள மன்னராக்கி, தங்களுக்கு இணக்கமாக வைத்துக்கொள்ளலாம் என்று அரசிலும் அரச குடும்பத்திலும் சிலர் நினைத்தார்கள். புத்தெலேசி அதை முளையிலேயே கிள்ளினார். மன்னர் அரசியலுக்கு அப்பாற்பட்டவர் என்று சட்டமன்றம் வைத்துத் தீர்மானமாயிற்று. 1970களின் இறுதியில் இருவருக்கும் சட்டமன்றத்திலேயே மோதல் வந்தது. மன்னரின் சம்பளமும் குவாஜூலு கருவூலத்திலிருந்து வந்ததால் சண்டையின் முடிவு முன்கூட்டியே தெரிந்ததுதான். பிறகு பல ஆண்டுகள் ஒவ்வொரு விழாவிலும் மன்னர் முன்னால், "பிரதமர்" பக்கத்தில்.

மக்கள் விரும்பித்தான் இன்காதாவில் சேர்ந்தார்களா?

பலர் விரும்பித்தான் சேர்ந்தார்கள். வேறு எந்தக் கறுப்பு அமைப்பும் பகிரங்கமாகக் கூட்டம் போட முடியாத காலத்தில் பச்சை, பொன் நிறங்களைப் பார்த்தாலே ஏ.என்.சி. ஞாபகம் வந்தவர்கள் உண்டு. 1980களின் நடுவில் பத்து லட்சம் உறுப்பினர் என்று இயக்கம் சொன்னது.

அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் இருந்த ஏற்பாட்டையும் பார்க்க வேண்டும். கிராமத்தில் வீடு கட்ட மனை ஒதுக்குவது குலத்தலைவர், அவருக்குக் கீழே இந்துனா என்ற ஊர்ப் பொறுப்பாளர். தலைவருக்குச் சம்பளம் தருவது குவாஜூலு அரசு. அந்த அரசின் முதலமைச்சரும் இன்காதாவின் தலைவரும் ஒரே ஆள். முதியோர் ஓய்வூதியம், ஆசிரியர் வேலை, மருத்துவமனை வேலை, கடைக்கு உரிமம், எல்லாம் அதே குழாயில்தான் வரும். குழாயின் மறுமுனை பிரிட்டோரியாவில், ஏனென்றால் குவாஜூலுவின் வரவுசெலவில் பெரும்பகுதி அங்கிருந்து வந்த பணம். இந்த நிலைமையில் சந்தா கட்டி அட்டை வாங்குவது யாருக்குத்தான் தவறாகத் தோன்றும்? பள்ளிகளில் உபுண்டு-போதோ என்ற பாடம் வந்தது, அதில் இன்காதாவின் வரலாறும் இருந்தது. 1980களில் அரசு ஊழியர்களிடம் விசுவாச உறுதிமொழி கேட்கப்பட்டது. மறுத்த மருத்துவர்கள் சிக்கலுக்கு ஆளானார்கள்.

1978இல் நடந்த முதல் சட்டமன்றத் தேர்தலில் இன்காதாவே தேர்தல் இடங்கள் அனைத்தையும் பிடித்தது. ஆட்சி, கட்சி, குலத்தலைமை மூன்றும் ஒன்றாகிவிட்டால் எதிர்க்கட்சி என்ற சொல்லுக்கே இடமில்லை. சுதந்திரத்தை மறுத்தவர், சுதந்திரம் வாங்கிய பாண்டுஸ்தான்களின் நிர்வாக முறையை அப்படியே வைத்துக்கொண்டார். இன்காதாவின் எல்லாக் குழப்பங்களுக்கும் வேர் இதுதான் என்பது என் கருத்து.

உள்ளேயே எதிர்ப்பு இருந்ததா?

இருந்தது. 1973 ஜனவரியில் டர்பன் செங்கல் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் நகரம் முழுக்கப் பரவியது. குவாஜூலு அமைச்சர் பார்னி டிலாட்லா தொழிலாளர் பக்கம் வீதியில் இறங்கி நின்றார். அடுத்த ஆண்டே பதவி போயிற்று.

ஏ.என்.சி.யோடு ஏன் முறிந்தது?

1979 அக்டோபரில் லண்டனில் இரு தரப்பும் சந்தித்தன. அதன்பின் உறவு அறுந்தது. ஆயுதப் போராட்டம் வேண்டாம், வெளிநாட்டு முதலீட்டைத் தடுத்தால் முதலில் பட்டினி கிடப்பது கறுப்பர்கள்தான் என்றார் புத்தெலேசி. நாடுகடந்து வாழ்ந்த ஏ.என்.சி.க்கு இரண்டும் உயிர்நாடி. யாருக்கு யார் கட்டுப்பட்டவர் என்ற கேள்வியும் அடியில் ஓடியது: தன்னை ஏ.என்.சி.யின் உள்நாட்டுக் கிளையாகப் பார்க்க அவர் தயாராக இல்லை. 1976 சோவெட்டோ எழுச்சிக்குப் பின் வந்த தலைமுறைக்கு அவர்மேல் மரியாதையும் போய்விட்டிருந்தது. 1978 மார்ச்சில் கிராஃப்-ரைனெட்டில் நிறவெறி எதிர்ப்புத் தலைவர் ராபர்ட் சோபுக்வேயின் இறுதிச் சடங்குக்குப் போனவரை இளைஞர்கள் விரட்டியே அனுப்பினார்கள். அந்த அவமானத்தை அவர் மறந்ததாகத் தெரியவில்லை.

நேட்டால் தமிழர்களுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து முதல் கப்பலில் ஒப்பந்தக் கூலிகள் டர்பனில் இறங்கிய நாளிலிருந்தே. ஜூலுக்களிடமிருந்து பறித்த நிலத்தில் அவர்கள் கரும்பு வெட்டினார்கள். இரு சாராரையும் வெள்ளையர் தனித்தனி அடுக்கில் வைத்தார்கள், மோதல் வரும்போது ஒதுங்கி நின்றார்கள். 1949 ஜனவரி டர்பன் கலவரத்தில் 142 பேர் இறந்தார்கள் என்பது அரசுக் கணக்கு. இந்தியர்களும் உண்டு, போலீஸ் சுட்டதில் இறந்தவர்களையும் சேர்த்து ஆப்பிரிக்கர்கள் இன்னும் அதிகம்.

1978இல் புத்தெலேசி அமைத்த கறுப்பர் கூட்டணியில் சின்னசாமி தலைமையிலான இந்தியர் சீர்திருத்தக் கட்சியும் இருந்தது. 1983இல் இந்தியருக்கும் கலப்பினத்தவருக்கும் தனித்தனி அவை தரும் முச்சபை நாடாளுமன்றத் திட்டம் வந்து அந்த உறவைச் சிதைத்தது. கறுப்பர்களுக்கு அதில் இடமே இல்லை. 1985 ஆகஸ்டில், நிறவெறியை எதிர்த்த வழக்கறிஞர் விக்டோரியா ம்க்சேங்கே கொல்லப்பட்டதை அடுத்து வெடித்த கலவரத்தில் இனாண்டாவிலிருந்து இந்தியக் குடும்பங்கள் ஓட நேர்ந்தது. காந்தியின் ஃபீனிக்ஸ் குடியிருப்பு எரிந்தது. டூபே தொடங்கிய ஒலாங்கே பள்ளி அங்கிருந்து கூப்பிடு தூரம்.

1980களின் கொலைகள் ஜூலு, ஹோசா இனங்களின் சண்டையா?

நேட்டாலில் இல்லை. அங்கே கொன்றவர்களும் இறந்தவர்களும் பெரும்பாலும் ஜூலுக்களே, பல நேரம் ஒரே தெருவினர். ஒரு பக்கம் இன்காதா, மறுபக்கம் 1983இல் உருவான, ஏ.என்.சி.க்கு இணக்கமான ஐக்கிய ஜனநாயக முன்னணியும் 1985இல் டர்பனில் தொடங்கிய கோசாட்டு தொழிற்சங்கமும். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஏ.என்.சி. பக்கம் நின்ற கடும்போக்குத் தலைவர் ஹாரி குவாலாவும் ஜூலுதான்.

சண்டை மூண்ட முக்கியமான இடங்களில் ஒன்று நகர்ப்புறக் குடியிருப்புகள். டர்பனை ஒட்டிய லாமொண்ட்வில், ஹம்பனாதி ஆகியவற்றைக் குவாஜூலுவோடு இணைக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. அங்கிருந்தவர்கள் எதிர்த்தார்கள். இணைந்தால் நகரத்தில் வசிக்கும் உரிமை என்னாகும் என்ற அச்சமும், இந்துனாவின் கைக்குள் போய்விடுவோம் என்ற வெறுப்பும் சேர்ந்துகொண்டன. இன்காதாவுக்கோ அது எல்லைத் தகராறு. 1990 மார்ச் இறுதியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கை ஒட்டிய எடெண்டேல் பள்ளத்தாக்கில் நடந்த "ஏழு நாள் போர்" ஆயிரக்கணக்கானவர்களை வீடிழக்க வைத்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான், விடுதலையான மண்டேலா டர்பனில் ஆயுதங்களைக் கடலில் எறியுங்கள் என்று கேட்டிருந்தார்.

ஜோகன்னஸ்பர்க் பக்கம் 1990 ஜூலைக்குப் பின் நிலைமை மாறியது. அங்கே ஜூலுத் தொழிலாளர் தங்கிய விடுதிகளுக்கும் சுற்றியிருந்த குடியிருப்புகளுக்கும் இடையே மூண்டது, இனச் சாயமும் ஏறியது. 1992 ஜூன் 17 அன்று போய்ப்படோங்கில் 45 பேர் கொல்லப்பட்டார்கள்.

வெள்ளை அரசு இன்காதாவுக்கு உதவியது நிரூபிக்கப்பட்டதா?

பணம் கொடுத்தது அரசே ஒப்புக்கொண்ட விஷயம். 1991 ஜூலையில் பத்திரிகைகள் வெளியிட்டன: இன்காதாவின் கூட்டங்களுக்கு 2,50,000 ராண்ட், அதன் தொழிற்சங்கமான உவூசாவுக்கு 15 லட்சம் ராண்ட். தனக்குத் தெரியாது என்றார் புத்தெலேசி.

ராணுவ உதவி அதைவிடக் கனமானது. 1986இல் சுமார் 200 இன்காதா ஆட்களை ராணுவம் நமீபியாவின் காப்ரிவி பகுதிக்குக் கொண்டுபோய்ப் பயிற்சி கொடுத்தது. அப்படிப் பயிற்சி பெற்றவர்கள் 1987 ஜனவரியில் டர்பன் அருகே குவாமகூதாவில் ஒரு வீட்டுக்குள் புகுந்து 13 பேரைச் சுட்டார்கள், பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இதற்காக முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் மக்னஸ் மாலன் உள்ளிட்டோர்மீது நடந்த வழக்கு 1996இல் விடுதலையில் முடிந்தது. டிரஸ்ட் ஃபீட் என்ற ஊரில் நடந்த தாக்குதலின் வழக்கு வேறு விதம். 1988 டிசம்பரில் 11 பேர் இறந்த அந்தத் தாக்குதலுக்காகப் போலீஸ் அதிகாரி பிரையன் மிட்செல் தண்டனை பெற்றார், பின்னர் பொதுமன்னிப்பில் வெளிவந்தார். உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் 1998 அறிக்கை, இன்காதாவின் குற்றங்களுக்குப் புத்தெலேசியும் பொறுப்பு என்றது. ஏ.என்.சி. தரப்பின் கொலைகளையும் அது விட்டுவைக்கவில்லை.

1994 தேர்தலில் இன்காதா கடைசி நேரத்தில்தான் சேர்ந்ததா?

ஒரு வாரம் இருக்கும்போது. மார்ச் 28 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் ஏ.என்.சி. தலைமையகமான ஷெல் ஹவுஸ் முன் ஊர்வலம் வந்த இன்காதா ஆதரவாளர்கள் சுடப்பட்டார்கள். நேட்டாலில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிஞ்சர் சமரசம் பேச வந்து கைவிட்டுத் திரும்பினார். அவரோடு வந்த கென்யப் பேராசிரியர் வாஷிங்டன் ஒகூமு மட்டும் தங்கிப் பேசி முடித்தார். ஏப்ரல் 19இல் உடன்பாடு. வாக்குச்சீட்டு ஏற்கெனவே அச்சாகிவிட்டதால் இன்காதாவின் பெயரைத் தனி ஒட்டுச்சீட்டாக அச்சடித்து அடியில் ஒட்டினார்கள். நாடளவில் அதற்கு 10.5 சதவீதம், குவாஜூலு-நேட்டாலில் பாதிக்குச் சற்று மேல். அந்த மாகாண எண்ணிக்கை எண்ணிப் பெற்றதா, பேசிப் பெற்றதா என்ற சந்தேகம் அப்போதே எழுந்தது. யாரும் கிளறவில்லை, கிளறியிருந்தால் மறுபடி ரத்தம் ஓடியிருக்கும். புத்தெலேசி மண்டேலாவின் அமைச்சரவையில் உள்துறை அமைச்சரானார், 2004 வரை அந்தப் பதவியில் இருந்தார். 2023 செப்டம்பரில் இறந்தார்.

குவாஜூலுவின் நிலம் இப்போது யாரிடம்?

தேர்தலுக்குச் சில நாள் முன்னால் அவசரமாக ஒரு சட்டம் இயற்றி, பழைய குவாஜூலுவின் சுமார் 28 லட்சம் ஹெக்டேர் நிலத்தை இங்கோன்யாமா அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார்கள். அதன் ஒரே அறங்காவலர் ஜூலு மன்னர். பிற்பாடு அந்த அறக்கட்டளை, தலைமுறைகளாகக் குடியிருந்தவர்களிடம் குத்தகைப் பத்திரம் போட்டு வாடகை கேட்டது. 2021 ஜூனில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்றது, வாங்கிய பணத்தைத் திருப்பித் தரவும் உத்தரவிட்டது.